கைப்போதான் ஓட்டணும்

"இன்னைக்கே கிளம்பிடலாம்," என்றாள் லெயினாலா.

இவலானி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க?" என்றாள், தெரியாதவள் மாதிரி.

"மலைக்கு. வேற எங்க? கடைக்கா?"

ஹிலோவில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் அது கொட்டுகிற சத்தத்தில், சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள்கூடக் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். லெயினாலா குரலை உயர்த்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஹோவா பள்ளிப் பேருந்தை இருபத்தைந்து வருஷம் ஓட்டியவள். கடைசி இருக்கைவரை கேட்கும்படி அதட்டிப் பழகிய தொண்டை.

சர்க்கரை நோய் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. இப்போது சிறுநீரகத்தின்மேல் கண் வைத்திருக்கிறது. லாஸ் வேகாஸில் டயாலிசிஸ் மையம் ஒன்றில் நர்ஸாக இருக்கும் மகள் இவலானி (வீட்டில் 'இவா'), அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய் வைத்துக்கொள்ள வந்திருந்தாள். போன வாரம் முழுக்க நடந்த வாக்குவாதத்தின் முடிவில் லெயினாலா ஒருவழியாகச் சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. தீவை விட்டுப் போவதற்கு முன் கிலாவெயா எரிமலையின் விளிம்பில் ஒரு தடவை போய் நிற்க வேண்டும். மலை பொங்கும்போது நிற்க வேண்டும்.

விமானம் நாளை மாலை. மலையோ ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. இன்றோ நாளையோ பொங்கலாம் என்று எரிமலை ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த 'லாம்' என்ற இரண்டு எழுத்தை நம்பித்தான் இவலானி இரண்டு நாளாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பூங்காவில் எந்தச் சாலை மூடியிருக்கிறது, சக்கர நாற்காலி போகிற பாதை எது, நிறுத்துமிடம் எங்கே. பைக்குள் முகமூடி, இன்சுலின், தண்ணீர், கம்பளி, நாற்காலிக்கு இன்னொரு பேட்டரி.

"பிரசவத்துக்குப் போற மாதிரி கட்டி வெச்சிருக்க," என்றாள் லெயினாலா, தட்டிலிருந்த ஸ்பாம் டின் இறைச்சித் துண்டைச் சோற்றுக்கு அடியில் மறைத்தபடி.

"பாத்துட்டேன் மா. எடு அதை."

"ஒரே ஒரு துண்டு."

"அந்த ஒரு துண்டு உப்பு உன் கிட்னிக்கு என்ன பண்ணும் தெரியுமா?"

"தெரியும். நீ தினமும் சொல்ற. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அது கெட்டுப்போச்சு."

இவலானி துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் போன் சின்னதாகச் சத்தம் போட்டது. படித்ததும் அவள் முகம் மாறியது.

"ஆரம்பிச்சிடுச்சு மா. நெருப்புக் குழம்பு வழியுதாம். மத்தியானத்துக்குள்ள பெருசா எழும்புமாம்."

லெயினாலா, காலையிலேயே கீ என்ற செடியின் இலையால் பின்னி வைத்திருந்த மாலையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சிக்கல். இவலானி வாடகைக்கு எடுத்திருந்த சின்னக் காரில் அந்த மின்சார நாற்காலி ஏறாது. அதை ஏற்ற ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அண்ணன் கைப்போவின் வண்டி. பின்பக்கத்தில் இறங்குகிற இரும்புச் சரிவுப்பலகையை அம்மாவுக்காக அவனே பற்றவைத்துச் செய்திருந்தான்.

"நான் போய் அண்ணன்கிட்டக் கேட்டுட்டு வரேன்," என்று குடையை எடுத்தாள் இவலானி.

"கேளு," என்றாள் அம்மா. அதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அவசரத்தில் இவலானி அதைக் கவனிக்கவில்லை.

பக்கத்து ஊரான கெஆவில், நெடுஞ்சாலையை ஒட்டிய டயர் கடையில் கைப்போ ஒரு லாரியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹிலோவில் அம்மாவோடு வாடகை வீட்டில்தான் இருக்கிறான். அம்மாவைக் கூட்டிப்போகும் பேச்சு எழுந்த நாளிலிருந்து, தங்கை எழுவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுகிறான்.

"அம்மாவுக்கு என்ன?" என்றான் அவளைப் பார்த்ததும்.

"ஒண்ணுமில்ல. மலை பொங்கிடுச்சு. போகணுமாம். உன் வண்டி வேணும்."

பிடித்திருந்த கருவியை அவன் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கம் வீசினான்.

"எடுத்துட்டுப் போ. உன் காரை இங்க விடு."

"நீயும் வாயேன் அண்ணா. அம்மா நாளைக்கு..."

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டுப் போறல்ல? இன்னைக்கு வண்டியையும் கூட்டிட்டுப் போ. நான் எதுக்கு?"

"இப்படிப் பேசாத."

"வேற எப்படிப் பேசறது? ஏழு வருஷமா நான் பாத்துக்கறேன். நீ வருஷத்துக்கு ஒரு தடவை சாக்லேட்டோட வர. இப்ப ஒரு டிக்கெட்டோட வந்திருக்க."

இவலானி அதை எதிர்பார்த்து வந்தவள்தான். ஆனாலும் சுட்டது. சுட்ட வேகத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"பாத்துக்கிட்ட அழகுதான் தெரியுதே. பாதத்துல புண்ணு வந்து அழுகற வரைக்கும் ஒரே வீட்டுல இருந்தவனுக்குத் தெரியல."

லாரிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கைப்போ உட்கார்ந்து கருவியைத் திரும்ப எடுத்து, ஏற்கெனவே கழற்றியாகிவிட்ட திருகாணியைத் தேடுகிறவன் போல் தரையில் தடவினான்.

"அண்ணா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரியாத்தான் சொன்ன. போ. அம்மா காத்திட்டிருப்பா." பிறகு, தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அந்த மலைப் பக்கம் நான் வரமாட்டேன். அது அம்மாவுக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். பாஹோவாவுக்குக் கீழே அப்பாவும் அவனும் சேர்ந்து தங்கள் கையாலேயே ஒரு வீடு கட்டினார்கள். முடித்த அடுத்த மே மாதம் தெருவில் நிலம் பிளந்து நெருப்பு வந்தது. வீடு இருந்த இடத்தில் இப்போது கறுப்புப் பாறை. அப்பா கிளாரன்ஸ் அடுத்த வருஷப் பிறப்பைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கைப்போ தேசியப் பூங்கா இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, சரிவுப்பலகையை இறக்கிவிட்டு உள்ளே ஓடி வந்தாள் இவலானி.

"வா மா. வண்டி வந்தாச்சு."

லெயினாலா தயாராக இருந்தாள். சிவப்புப் பூப்போட்ட நீள அங்கி. கழுத்தில் இலை மாலை. வாசல் வரை நாற்காலியை ஓட்டி வந்தவள், வண்டியின் முன் இருக்கையைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

"அவன் எங்க?"

"வரமாட்டானாம். நான் ஓட்டறேன்."

"அப்ப நான் வரல."

இவலானிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. "வண்டி வேணும்னு சொன்ன. வண்டி வந்தாச்சு. மலை பொங்கணும்னு சொன்ன. பொங்கிட்டிருக்கு. இன்னும் என்ன மா?"

"வண்டி வந்தா போதாது. கைப்போதான் ஓட்டணும்."

"ஏன்? எனக்கு லைசென்ஸ் இல்லையா?"

லெயினாலா நாற்காலியைத் திருப்பினாள். "நான் நெருப்பைப் பாக்கணும்னு துடிக்கறேன்னு நெனச்சியா? என் வயசுக்கு நான் பாத்த நெருப்பு போதும். நம்ம வீட்டு மாமரம் எரிஞ்சதை இதே கண்ணால பாத்தவ நான். அவன் பாக்கணும். என் பிள்ளை அங்க வந்து நிக்கணும்."

"எதுக்கு?"

"உக்காரு."

இவலானி உட்கார்ந்தாள். அந்த மே மாதம் அவள் லாஸ் வேகாஸில் இருந்தாள். தொலைக்காட்சியில் பார்த்தது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"எல்லாரையும் வெளியேத்திட்டாங்க. நாங்க பள்ளிக்கூட விளையாட்டரங்கத்துல படுத்திருந்தோம். உங்கண்ணன் தடுப்பைத் தாண்டித் திரும்ப வீட்டுக்குப் போயிட்டான். உங்கப்பா அவனைத் தேடிட்டுப் பின்னாலயே போனாரு. போய்ப் பாத்தா, தோட்டத்துல நின்னுட்டு இருக்கான். செடிக்கு விடற தண்ணிக் குழாயைக் கையில பிடிச்சு, வர்ற நெருப்பு மேல பீச்சிட்டு இருக்கான்."

இவலானி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் புகைக்குள்ள இருந்து அவனை இழுத்துட்டு வர உங்கப்பாவுக்கு ரொம்ப நேரமாச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச இருமல்தான். அந்த வருஷக் கடைசியிலேயே போயிட்டாரு. தன்னாலதான் அப்பா செத்தாருன்னு இவன் மனசுல எழுதி வெச்சிருக்கான். வெளியில சொல்லமாட்டான். மலையைத் திட்டுவான்."

"அவனே உங்கிட்ட சொன்னானா?"

"பெத்தவளுக்குச் சொல்லணுமா?" லெயினாலா மடியிலிருந்த இலை நுனியை நீவிவிட்டாள். "அவன்கிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. இந்தச் சமையலறையில சொன்னா எழுந்து வெளிய போயிடுவான். பல தடவை வாயெடுத்துப் பாத்தாச்சு. அங்க வெச்சுச் சொல்லணும். அது நெருப்புத் தெய்வம் பெலேவோட வாசல். பாதிப் பழியை அவமேல போட்டிருக்கான், பாதியைத் தன்மேல போட்டிருக்கான். அங்கயே எல்லாத்தையும் இறக்கணும். அதோட, நொண்டி அம்மாவை மலையில விட்டுட்டு எங்க ஓடுவான்?"

"என்ன சொல்லணும்? எங்கிட்டச் சொல்லு."

"அவன்கிட்டதான் முதல்ல."

"நாளைக்குச் சாயங்காலம் ஃப்ளைட் மா!"

"எனக்கும் கடிகாரம் பாக்கத் தெரியும்."

இவலானிக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த வீட்டில் எதையும் நேராகச் செய்யவே மாட்டார்களா என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, அண்ணனிடம் திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டுக் கையைப் பிடித்து இழுத்துவருவது என்று முடிவெடுத்து வெளியே வந்தாள்.

சமையலறை காலியாக இருந்தது. வாசல் கதவு திறந்து கிடந்தது.

"மா!"

சரிவுப்பலகை அப்படியே கிடந்தது. தெருவில் யாரும் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. மேல்தெரு, கீழ்த்தெரு என்று இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்து நனைந்து திரும்பியபோது, மேசைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் பஸ்ல இருக்கேன்," என்றது லெயினாலாவின் குரல். "வண்டியை எடுத்துட்டு கெஆவ் வந்துடு. கம்பளியை மறந்துடாத."

லெயினாலா தலையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு, நாற்காலியின் விசைமேல் ரொட்டி வந்த உறையைக் கவிழ்த்து, தெருமுனை நிறுத்தம் வரை தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேருந்தின் லிஃப்ட் பலகையை இறக்கி அவளை ஏற்றிய ஓட்டுநர் ஒரு மலைபோன்ற ஆள். நாற்காலியைப் பட்டையால் கட்டும்போது அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஆன்ட்டி லெயினாலா? என்னைத் தெரியலையா? டுவெயின். ஜன்னல் வழியா எச்சில் துப்பினேன்னு ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தி இறக்கி விட்டீங்களே."

"துப்பினியா இல்லையா?"

"துப்பினேன்."

"அப்ப சரி. ஓட்டு. வளைவுல மெதுவாப் போ."

கெஆவ் வரை டுவெயின் எல்லா வளைவிலும் மெதுவாகத்தான் போனார்.

டயர் கடை வாசலில் ஒரு கார் உள்ளே நுழையக் காத்திருந்தது. அதற்கு முன்னால் போய்க் குறுக்கே நாற்காலியை நிறுத்தினாள் லெயினாலா. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கைப்போ ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பிறகு ஓடி வந்தான்.

"என்ன மா இது? எப்படி வந்த? எல்லாம் நனைஞ்சிருக்கே! அவ எங்க?"

"வருவா. நீ கையைக் கழுவு."

"எதுக்கு?"

"வண்டி ஓட்டறதுக்கு."

கைப்போ பெருமூச்சு விட்டான். "மா, இவாகிட்டயே சொல்லிட்டேன். நான் வரமாட்டேன்."

"இதே வழியா, மலைக்குப் பக்கத்துல இருக்கற வால்கேனோ ஊருக்கு அடுத்த பஸ் வருது. நீ வரலேன்னா அதுல போறேன். அங்கிருந்து இன்னைக்குத் திரும்பி வர பஸ் கிடையாது. பேட்டரி பாதிதான் இருக்கு. உன் இஷ்டம்."

"மிரட்டறியா?"

"ஆமா."

காத்திருந்த காரின் சொந்தக்காரி கண்ணாடியை இறக்கினாள். "ஏம்ப்பா, கூட்டிட்டுப் போயேன். என் டயர் எங்கயும் ஓடிப்போயிடாது."

கைப்போ அம்மாவைப் பார்த்தான். இதே முகத்தை அவன் பார்த்திருக்கிறான். காலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று, "எப்ப?" என்று மட்டும் கேட்ட முகம். அதற்கு எதிரில் நின்று ஜெயித்தவர் யாரும் அந்த வீட்டில் இல்லை.

"பூங்கா வாசல் வரைக்கும்தான்," என்றான். "டிக்கெட் வாங்கற இடம் வரைக்கும். அங்க இறங்கிடுவேன். அப்புறம் இவா ஓட்டட்டும்."

"வாசல் வரைக்கும் வா."

அதற்குள் இவலானியும் வண்டியோடு வந்து சேர்ந்தாள். அண்ணன் துணியில் கையைத் துடைப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது. சாவியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். நாற்காலியைப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு, அம்மாவை இரண்டு கையாலும் தூக்கி முன் இருக்கையில் உட்காரவைத்தான். இவலானி கடையில் விட்டிருந்த தன் சின்னக் காரில் பின்தொடர்ந்தாள்.

சாலை ஏறிக்கொண்டே போனது. மௌண்டன் வியூ என்ற ஊரைத் தாண்டியதும் மழை மூடுபனியாக மாறியது. ஓஹியா மரங்கள் சிவப்புப் பூவோடு பனிக்குள் நின்றன. கைப்போ சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான்.

பூங்கா வாசலுக்கு வெகு முன்பே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. தீவே திரண்டு வந்திருந்தது. அவன் வண்டிக்குப் பின்னால் இவலானியின் கார், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விளக்குகள். திரும்பிப் போக வழியில்லை.

நாலு வண்டி நீளம் நகர்வார்கள். நிற்பார்கள். மறுபடி நகர்வார்கள். டிக்கெட் கூண்டு பனியில் மங்கலாகத் தெரிந்தது.

அங்கே போனதும் இவன் இறங்கிவிடுவான். அதற்குள் சொல்லியாக வேண்டும் என்று லெயினாலாவுக்குப் பட்டது.

"கைப்போ, உங்கப்பாவுக்கு இதயம் கெட்டிருந்தது."

"தெரியும்."

"எப்பருந்து தெரியும்?"

அவன் முன்கண்ணாடியையே பார்த்தான். "எதுக்கு இப்ப அது?"

"புகையால கெட்டுச்சுன்னு நெனச்சிட்டிருக்க. இல்ல. அதுக்கு முந்தின வருஷமே கெட்டிருந்தது. ஹொனலுலு போனோமே, என் தங்கச்சி பொண்ணு கல்யாணம்னு சொல்லிட்டு? கல்யாணம் ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாத்தையும் பாத்துட்டு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. ஒரு வருஷம் தாங்கினா பெருசுன்னாரு."

வைப்பர் ஒரு தடவை இந்தப் பக்கம் போய் வந்தது.

"நீ அப்பக் கூரை போட்டுட்டு இருந்த. 'அவன்கிட்ட சொல்லாத லெய்னா, சுத்தியலைக் கீழ போட்டுட்டு என்னைத் தூக்கிட்டு ஓடுவான், வீடு முடியட்டும்'னு கெஞ்சினாரு. கடைசிவரைக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கினாரு. டாக்டர் சொன்னதுக்கு மேலயே இருந்துட்டுத்தான் போனாரு. உன்னை இழுக்க அவர் போகலேன்னாலும் போயிருப்பாரு. உன்னால இல்லடா. நீ காரணம் இல்ல."

இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைத்துவிட்டு அவள் அவனைப் பார்த்தாள். அழுவான் என்று நினைத்தாள். தன் தோளில் சாய்வான் என்றுகூட நினைத்தாள்.

கைப்போ எஞ்சினை அணைத்தான்.

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. இவன் நகரவில்லை. பின்னால் இவலானி மெதுவாக ஹாரன் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் அவ்வளவு மெதுவாகக் கொடுக்கவில்லை.

"ஏழு வருஷம் மா," என்றான். குரல் தணிந்துதான் இருந்தது. "கண்ணை மூடினா அந்தக் குழாயைப் பிடிச்சுட்டு நிக்கறேன். அப்பா இருமிட்டே என் கையைப் பிடிச்சு இழுக்கறாரு. தெனமும். பக்கத்து அறையிலதான் நீ படுத்திருந்த. நான் எழுந்து நடக்கற சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுது."

"கேட்டும் சும்மா இருந்தியா?"

"சத்தியம் பண்ணிட்டேனேன்னு முதல்ல சொல்லல. அப்புறம் சத்தியமே ஒரு சாக்காப் போச்சு. இவ்வளவு நாள் ஏன் சொல்லலேன்னு நீ கேப்பியேன்னு பயந்துட்டே தள்ளிப்போட்டேன். இப்பக் கேட்டுட்ட."

அவன் எஞ்சினைக் கிளப்பினான். கூண்டில் இருந்த பெண் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எத்தனை பேர்?" என்றாள். இறங்குகிறேன் என்றவன் இறங்கவில்லை. "ரெண்டு" என்றான். வண்டி உள்ளே போனது.

விளிம்பில் கூட்டம் இருந்தது, ஆனால் சத்தம் இல்லை. சத்தத்தையெல்லாம் மலையே வைத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தின் அடியிலிருந்து நெருப்பு ஒரு தென்னந்தோப்பின்மேல் இன்னொரு தோப்பை அடுக்கிய உயரத்துக்கு எழுந்து, ஆரஞ்சு நிறத்தில் உடைந்து கொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரத்திலும் கன்னத்தில் அனல் பட்டது. வருகிறவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட இடத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

கைப்போ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். விசை இருந்தும் அவள் அதைத் தொடவில்லை. கூட்டம் வழிவிட்டது. தடுப்புக் கம்பி அருகே நிறுத்திவிட்டு அவன் நிமிர்ந்தான். முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

லெயினாலா தீவின் பழைய மொழியில் தாழ்ந்த குரலில் நாலு வரி சொல்லி வணங்கினாள். அவளுடைய அம்மா சொல்லித்தந்தது அது. இவலானி மூச்சு வாங்க வந்து சேர்ந்தவள், அம்மாவின் தோளில் கம்பளியைப் போர்த்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. சொல்ல வேண்டியதை அம்மா சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. என்னவென்று தெரியவில்லை, ஆனால் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து அவனுடைய கையைப் பிடித்தாள்.

"அண்ணா, காலையில நான் சொன்னதை மறந்துடு."

அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நெருப்பைப் பார்த்தபடியே பேசினான்.

"நீ நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போ இவா. நான் தடுக்க மாட்டேன். அவ அங்கயே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தினான். "கொஞ்ச நாளைக்கு எனக்கு அவ முகத்தைப் பாக்க வேண்டாம்."

இவலானி திகைத்துப்போனாள். எந்த ஒரு வார்த்தையை அவனிடமிருந்து வாங்க ஒரு வாரமாகக் காத்திருந்தாளோ, அந்த வார்த்தை கிடைத்துவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தால் அது நெருப்புத் துண்டாக இருந்தது.

லெயினாலா நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"இவா, என் டிக்கெட்டை ரத்து பண்ணு."

"மா!"

"ரத்து பண்ணு. நான் எங்கயும் போகல."

"நான் போன்னு சொல்றேன்ல?" என்றான் கைப்போ.

"கேட்டுது. கால்தான் போச்சு, காது இருக்கு." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ கோபப்படறது நியாயம். எவ்வளவு நாள் பேசாம இருக்கணுமோ இரு. ஆனா என் எதிர்ல உக்காந்து பேசாம இரு. கடல் தாண்டிப் போயி உன் பேசாமையை நான் அங்க இருந்து கேக்க முடியாது."

"மா, உன் கிட்னி?" என்றாள் இவலானி. "அங்க டாக்டரைப் பாத்து வெச்சிருக்கேன். உன் அறைக்குப் படுக்கை வாங்கிட்டேன். இங்க யார் மா உன்னை..."

"ஹிலோவிலயும் அந்த டயாலிசிஸ் மெஷின் இருக்கு. எனக்கு வேற மெஷின் தேவையில்ல."

"நீ சொல்றபடி எல்லாரும் ஆடணும். எப்பவும்!"

"இன்னைக்கு மட்டும் ஆடு."

கைப்போ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பி, வண்டியை நோக்கித் தள்ள ஆரம்பித்தான். இவலானி போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள். ரத்து செய்யலாமா என்று திரை கேட்டது. அவள் அதைப் பைக்குள் போட்டாள்.

இறங்கும் வழியில் பனி விலகியிருந்தது. அண்ணனின் வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டினாள் இவலானி. அந்த வண்டியின் பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டும் நேராக இருந்தன. ஒன்று மற்றொன்றின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கெஆவ் வந்தது. ஹிலோவுக்கு நேராகப் போக வேண்டும். கைப்போவின் வண்டியில் வலது பக்க விளக்கு சிமிட்டியது.

வலது பக்கம் திரும்பினால் பாஹோவா சாலை, அப்பா கட்டிய வீடு இருந்த இடத்துக்குப் போகிற வழி. அந்த மே மாதத்துக்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் யாரும் அந்தச் சாலையில் திரும்பியதில்லை. அந்தப் பக்கம் போக இப்போது அங்கே என்ன இருக்கிறது? கறுப்புப் பாறை.

இவலானி அவசரமாக அம்மாவின் போனுக்கு அடித்தாள். உடனே எடுத்தாள் லெயினாலா.

"மா, எங்க போறீங்க? வழி தப்பிடுச்சா?"

"வழி தப்பல."

"அப்ப எங்க போறான்?"

"தெரியல," என்றாள் லெயினாலா. "அவன்தான் பேசமாட்டேங்கறானே. நீ பின்னாலயே வா."